கத்திரி வெயிலில் ஸ்லோ நிற்காத ஸ்கூட்டர்

வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவரின் முகத்தைப் பார்த்தாலே, அவர் இதற்கு முன் எத்தனை கடை ஏறி இறங்கியிருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்துவிடும். மே மாதம் இரண்டாவது வாரம், பகல் 12 மணி. வேலூர் சத்துவாச்சாரியில் என் மெக்கானிக் கடை வாசலில் 110 சிசி ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து நின்ற அம்மாவின் முகம் குறைந்தது மூன்று கடை என்றது. விசாரித்தால் இரண்டு கடை, ஆனால் நான்கு முறை.

மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவர். வீடு அரியூரில். தினமும் தொரப்பாடி வழியாக நகருக்குள் வந்து திரும்புகிறார். வண்டி 2021இல் வாங்கியது. 38,400 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அவர் சொன்னதை அவர் வாய்வார்த்தையிலேயே குறித்துக்கொண்டேன். காலையில் ஒரே அழுத்தலில் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. வேலைக்கு வந்து சேரும்வரை தொல்லை இல்லை. மத்தியான வெயிலில் எடுத்தால் கால் மணி நேரம் நன்றாக ஓடுகிறது, பிறகு எங்கே நின்றாலும் கைப்பிடி நடுங்குகிறது, இரண்டு முறை இருமிவிட்டு அணைந்துவிடுகிறது. கிரீன் சர்க்கிளில் அணைந்துபோய், பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் திட்டியதைச் சொன்னபோது மட்டும் குரல் கொஞ்சம் மாறியது. அணைந்த உடனே செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றுகிறது, பிடிப்பதில்லை. பத்து நிமிடம் நிழலில் விட்டால் ஒன்றும் நடக்காததுபோல் பிடித்துக்கொள்கிறது. ஓட்டத்தில் மட்டும் ஒரு குறையும் இல்லை. கைப்பிடியை விட்ட பிறகும் இன்ஜின் தானாக மெதுவாகச் சுற்றுவதை ஸ்லோ என்போம். அதுதான் நிற்கவில்லை.

இதுவரை ஆன செலவின் ரசீதுகளையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஆய்வகக்காரர் அல்லவா. புது பிளக், புது பேட்டரி, காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடி சுத்தம், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் சுத்தம், கடைசியாகப் பெட்ரோல் பம்ப். கூட்டிப் பார்த்தால் 6,800 ரூபாய். பம்ப் மாற்றியும் அணைந்ததால்தான் அங்கே போவதை நிறுத்தியிருக்கிறார்.

“அண்ணா, பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்களே, அதனால்தான் என்கிறார்கள். உண்மையா?”

இந்தக் கேள்வியை இப்போது வாரத்துக்கு ஐந்து முறை கேட்கிறேன். காரணம் தெரியாத எல்லாப் பழுதுக்கும் பெட்ரோல் கைக்கு வாகான குற்றவாளியாகிவிட்டது. குற்றம் சாட்டுவதற்கு முன் சோதித்துவிடலாம் என்று 100 மில்லி அளவுக் குடுவையில் அவர் வண்டியின் பெட்ரோலை 90 மில்லிவரை ஊற்றி, மேலே 10 மில்லி தண்ணீர் விட்டு, மூடிக் குலுக்கி வைத்தேன். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். தெளிந்தபோது அடியில் நின்ற நீர் 10 மில்லி அல்ல, கிட்டத்தட்ட 28 மில்லி. அதாவது 90 மில்லியில் 18 மில்லி எத்தனால், 20 சதவீதம். பங்க்கில் சொல்வதும் அதுதான், அதற்கு மேல் கலப்பு இல்லை. தனியே எடுத்து வைத்த இன்னொரு பாட்டிலில் தண்ணீர் எதுவும் அடியில் பிரிந்து நிற்கவில்லை. எத்தனால் கூடினால் அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும் என்பது உண்மைதான். சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் 10 சதவீதக் கலவைக்குச் சுமார் 14.1, 20 சதவீதத்துக்குச் சுமார் 13.5. இந்த அளவு வித்தியாசத்தை, புகையை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து வண்டியே சரிக்கட்டிக்கொள்ளும். அதைவிட முக்கியம், பெட்ரோல் கெட்டிருந்தால் காலையிலும் அது கெட்ட பெட்ரோல்தான். இந்த வண்டி காலையில் சமர்த்தாக நிற்கிறது.

ஆகவே குறை சூட்டில் இருக்கிறது. சூடானால் மாறும் பொருள் எது என்பதுதான் கேள்வி.

ஸ்பானரைத் தொடாமல் முதலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். சர்வீஸ் சாலையில் கிளம்பி, கலெக்டர் அலுவலகம் தாண்டி, கிரீன் சர்க்கிள் வரை போய்த் திரும்பினேன். அவர் சொன்னதில் ஓர் எழுத்துகூட மிகை இல்லை. சூடேறிய பின் நின்றால் சீரற்ற நடுக்கம், இரண்டு இருமல், அமைதி. நான் கூடுதலாகக் கவனித்தது ஒன்று உண்டு: அணைந்த பிறகு செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் மிக இலகுவாகச் சுற்றியது. நல்ல இன்ஜினில் சுற்றுக்குச் சுற்று ஒரு முட்டு தெரியும். இதில் அந்த முட்டு இல்லை. அதை அப்போதே பிடித்துக்கொண்டு போயிருந்தால் அரை நாள் மிச்சமாகியிருக்கும். நானும் ஸ்கேனர் பக்கம்தான் போனேன்.

2020 ஏப்ரல் 1இல் பிஎஸ்6 புகை விதி வந்ததோடு இந்த ஸ்கூட்டர்களில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது. அன்றிலிருந்து தொழிலில் ஒரு பழக்கம் ஊறிவிட்டது: மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிந்தால் அது சொல்லும் பாகத்தை மாற்று, எரியாவிட்டால் ஊகித்து எதையாவது மாற்று. இந்த வண்டியில் சாவி திருப்பியதும் விளக்கு எரிந்து ஒழுங்காக அணைந்தது. ஸ்கேனரிலும் பழுதைச் சொல்லும் எர்ரர் கோடு (code) பழையது ஒன்றும் சேமிப்பில் இல்லை. விளக்குக்குத் தெரிந்ததெல்லாம் சென்சார் வயர் அறுந்ததா, ஷார்ட்டா, வரும் வோல்ட் எல்லை தாண்டியதா என்பது மட்டும்தான். பிஸ்டனுக்கு மேலே என்ன நடக்கிறது என்பதை அது பார்ப்பதில்லை.

கோடு இல்லாவிட்டாலும் ஸ்கேனரில் ஓடும் எண்களைப் பார்க்கலாம். முதலில் இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் திருப்பி, இன்ஜினுக்குள் போகும் வழியில் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் எண்ணைப் பார்த்தேன்: 98 கிலோபாஸ்கல். வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர் சொச்சம் உயரம். இங்கே கோடைக் காற்றழுத்தம் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். சென்சார் பொய் சொல்லவில்லை. அடுத்து த்ராட்டில் சென்சார். கைப்பிடியை முழுக்க விட்டிருக்கும்போது 0 காட்ட வேண்டிய இடத்தில் 2 சதவீதம் நின்றது.

த்ராட்டில் பாடியின் பக்கவாட்டில் ஒரு சின்ன நிறுத்துத் திருகு உண்டு. அதைத் தொடக்கூடாது என்பதற்காகவே தொழிற்சாலையில் பெயின்ட் பொட்டு வைத்து அனுப்புகிறார்கள். டார்ச் அடித்துப் பார்த்தேன். பொட்டு கலைந்திருந்தது. பாதிப் பொட்டு திருகின் தலையிலும் மீதி உடலிலும் இருக்க, இரண்டுக்கும் நடுவே அரைத் திருப்பு இடைவெளி. கார்புரேட்டர் காலத்தில் ஸ்லோ நிற்காவிட்டால் ஸ்லோ ஸ்க்ரூவை ஏற்றுவோம். அந்தக் கை இன்னும் சும்மா இருப்பதில்லை. ஏற்றியவருக்கு நல்ல எண்ணம்தான். ஆனால் இந்த வண்டியில் ஸ்லோவைப் பார்த்துக்கொள்வது இசியு என்ற கணினியின் வேலை. த்ராட்டில் முழுக்க மூடியிருக்கிறது என்று தெரிந்தால்தான் அது ஸ்லோவுக்குக் காற்று விடும் ஐடில் வால்வைத் திறந்து மூடி நிமிடத்துக்கு 1,700 சுற்றில் பிடிக்கும். 2 சதவீதம் காட்டினால் ஓட்டுபவர் கைப்பிடியைத் திருகியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு ஸ்லோவைக் கைகழுவிவிடும். த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்த பின் இரண்டு நாள் நன்றாக இருந்தது என்று அவர் சொன்னதன் ரகசியம் இதுதான். சுத்தத்தால் அல்ல, திருகை ஏற்றியதால்.

பொட்டின் இரண்டு பாதியும் பொருந்தும்படி திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். 0 சதவீதம் காட்டியது. என் அக்கா மகன் என்னிடம்தான் தொழில் கற்கிறான். அவன் அதற்குள் சீட்டைப் பூட்டப் போய்விட்டான்.

“மாமா, அவ்வளவுதானே? முடிந்ததா?”

“தம்பி, அந்தத் திருகை ஏற்ற வேண்டிய தேவை எப்படி வந்தது என்பதற்கு நீ பதில் சொல், அப்புறம் சீட்டைப் பூட்டு.”

இப்போது ஸ்லோவைப் பிடிக்கும் பொறுப்பு இசியுவிடம் திரும்பியதால், அது எவ்வளவு சிரமப்படுகிறது என்று எண்ணிலேயே பார்க்க முடிந்தது. ஆறிய இன்ஜினில் ஸ்லோவில் மேப் 34 கிலோபாஸ்கல். சூடேற ஏற 38, 42, 46. ஐடில் வால்வு படி படியாகத் திறந்துகொண்டே போனது. இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரமும் நீண்டது. சுற்று 1,700லிருந்து 1,400க்கு விழுந்து எழுந்து விழுந்தது. ஐடில் வால்வு அதன் கடைசிப் படியை எட்டியபோது வண்டி அணைந்தது. எந்த விளக்கும் எரியவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக விலக்கினேன். பெட்ரோல் அழுத்தம், கேஜ் போட்டுப் பார்த்ததில், அணையும் நொடியிலும் 290 கிலோபாஸ்கலில் அசையாமல் நின்றது. இந்த வகை வண்டிக்குத் தேவை 294. பாவம், மாற்றிய பழைய பம்ப் நல்ல பம்ப்தான். பேட்டரி 12.6, ஓட்டத்தில் சார்ஜ் 14.1 வோல்ட். தீப்பொறி சூட்டிலும் அணையும்வரை தவறவில்லை. டேங்கை வாய்வரை நிரப்புகிறவர்கள் வண்டியில் பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரிப்பெட்டி ஊறிப்போய் இப்படி அணைவதைப் பார்த்திருக்கிறேன். அதன் ஹோஸை இறுக்கிப் பிடித்து ஓடவிட்டேன், மாற்றமில்லை. த்ராட்டில் பாடிக்கும் இன்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் உள்ள இணைப்பைச் சுற்றி கிளீனர் தெளித்தேன். காற்று இழுத்தால் சுற்று மாறும், மாறவில்லை. சூடான சைலன்சர் பக்கத்தில் இதைச் செய்யும்போது நெருப்பணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

வயதான மெக்கானிக்குகள் சைலன்சர் வாயில் பீடிக்கட்டுத் தாளைப் பிடித்து, உள்ளே இழுக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒற்றை சிலிண்டரில் துடிப்புக்குத் துடிப்பு கொஞ்சம் இழுப்பு எப்போதும் இருக்கும் என்பதால் நான் அதை நம்புவதில்லை. பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று காட்டும் கம்ப்ரெஷன் கேஜைத்தான் எடுத்தேன். இன்ஜெக்டர் கப்ளரைக் கழற்றிவிட்டு, கைப்பிடியை முழுக்கத் திருகிப் பிடித்துச் செல்ஃப் அடிக்க வேண்டும். கைப்பிடியைத் திருகாமல் அடித்தால் நல்ல இன்ஜினும் நோயாளியாகத் தெரியும். சூட்டில் சதுர சென்டிமீட்டருக்கு 7.5 கிலோ. மின்விசிறி போட்டு இரண்டு மணி நேரம் ஆறவிட்டு மறுபடி அடித்தேன். 11.5. கம்ப்ரெஷன் எண்ணை மாடலுக்கு மாடல் ஒப்பிடுவதில் பலனில்லை; சிலவற்றில் ஸ்டார்ட் ஆக உதவுவதற்காகவே அழுத்தத்தைக் கொஞ்சம் விடும் அமைப்பு கேமில் இருக்கும். அதே இன்ஜினின் சூட்டையும் குளிரையும் ஒப்பிடும்போதுதான் அந்த எண் பேசும். 11.5க்கும் 7.5க்கும் நடுவே 4 கிலோ அழுத்தம் எங்கோ போகிறது.

எங்கே என்று கேட்பதற்குக் காதே போதும். மறுபடி சூடாக்கி, ஃபேன் கவரைக் கழற்றி, பிஸ்டனைக் கம்ப்ரெஷன் உச்சியில் நிறுத்தினேன். பிளைவீல் நட்டில் ஸ்பானர் போட்டு அக்கா மகன் அழுத்திப் பிடித்துக்கொள்ள, பிளக் ஓட்டை வழியாக 3 கிலோ காற்றை விட்டேன். ஆயில் ஸ்டிக் ஓட்டையில் காது வைத்தேன், லேசான மூச்சு மட்டும். எல்லா இன்ஜினிலும் அது இருக்கும். த்ராட்டில் பாடியில் அமைதி. சைலன்சர் பின்முனைக்குப் போகும் முன்பே கேட்டுவிட்டது: குக்கர் விசில் வருவதற்கு முன் வருமே, அந்தச் ‘சீ’ என்ற சத்தம். உள்ளங்கையை நீட்டினேன். வெதுவெதுப்பாகக் காற்று பட்டது. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு மூடவில்லை.

ராக்கர் என்ற நெம்புகோல்தான் வால்வை அழுத்தித் திறக்கும். இரண்டுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியைத்தான் டேப்பட் என்போம். அதை அன்று தொடவில்லை. இன்ஜின் 35 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகுதான் இடைவெளியை அளக்க வேண்டும் என்று கையேடு சொல்கிறது. கத்திரியில் வேலூரில் பகலில் 40ஐத் தாண்டும் நாட்கள் சர்வசாதாரணம். நிற்கும் வண்டியே 35க்குக் கீழே வராது. வண்டியை விட்டுப் போகச் சொன்னேன். மறுநாள் காலை 6 மணிக்குக் கடையைத் திறந்து, ஸ்கேனரில் இன்ஜின் சூட்டைப் பார்த்தேன்: 29. ஸ்கேனர் இந்த நோயில் செய்த ஆகப்பெரிய உதவிகளில் அதுவும் ஒன்று.

டேப்பட் கவரைத் திறந்து, குறியை நேராக்கி, ராக்கர்களைப் பிடித்து அசைத்தேன். காற்று நுழையும் இன்லெட் பக்கத்து ராக்கர் ‘டிக் டிக்’ என்று ஆடியது. எக்ஸாஸ்ட் ராக்கர் அசைய மறுத்தது. இந்த இன்ஜினுக்கு இரண்டுக்கும் 0.14 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். இன்லெட்டில் 0.12 நுழைந்தது. எக்ஸாஸ்ட்டில் என் ஃபீலர் கேஜில் உள்ளதிலேயே மெல்லிய 0.04 தகடு நுனியை மடக்கிக்கொண்டதே தவிர நுழையவில்லை. ஆறியிருக்கும்போதே இடைவெளி பூஜ்யம். ஓடும்போது எக்ஸாஸ்ட் வால்வு ஹெட்டைவிடப் பல மடங்கு சூடாகி நீளும். நீள இடமில்லாததால் ராக்கரில் முட்டிக்கொண்டு, தான் படிந்து மூட வேண்டிய சீட்டை விட்டு மயிரிழை விலகி நிற்கும்.

ஓட்டத்தில் ஏன் தெரியவில்லை என்பதற்கு விடை நேரத்தில் இருக்கிறது. 5,000 சுற்றில் அழுத்தத்துக்கு எடுத்துக்கொள்ளும் நேரம், ஸ்லோவில் எடுப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அந்த மயிரிழை வழியாகக் காற்று தப்புவதற்குள் வெடித்துவிடுகிறது. ஸ்லோவில் தப்பிப் போக நேரம் தாராளம்.

சென்சார்கள் என்ன செய்தன என்பதுதான் எனக்கு இந்த வேலையில் பிடித்த பகுதி. உறிஞ்சும்போது சைலன்சர் பக்கமிருந்து எரிந்த புகை உள்ளே திரும்பி வந்து அறையை நிரப்புகிறது. அதனால் காற்று நுழையும் குழாயான மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறுகிறது. மேப் சென்சார் ஏறிய அழுத்தத்தை உள்ளபடி சொல்கிறது. இசியு அதைக் கூடுதல் காற்று என்று எடுத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டுகிறது. வந்ததோ ஏற்கெனவே எரிந்த புகை. கலவை வெடிக்கத் தவறும்போது எரியாத ஆக்சிஜன் சைலன்சருக்குப் போகிறது. ஆக்சிஜன் சென்சார் அதையும் உள்ளபடி சொல்கிறது. பெட்ரோல் போதவில்லை போலிருக்கிறது என்று இசியு இன்னும் கூட்டுகிறது. பிளக் கறுக்கிறது. சாட்சிகள் அத்தனை பேரும் உண்மையைச் சொல்லியும் தீர்ப்பு தப்பு. எந்தச் சாட்சியும் பொய் சொல்லாததால் விளக்கும் எரியவில்லை.

இடைவெளி எப்படிப் பூஜ்யமானது? எட்டு மணிக்கு வந்த அம்மாவிடம் கேட்டேன்: “இதற்கு முன் இன்ஜினில் சத்தம் என்று யாரிடமாவது காட்டினீர்களா?”

கொஞ்சம் யோசித்தார். “தை மாதம், அண்ணா. தையல் மிஷின் மாதிரிச் சத்தம் வருகிறது என்று பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னான். போகும் வழியில் ஒரு கடையில் நிறுத்தினேன். பத்து நிமிடத்தில் சரிசெய்து கொடுத்துவிட்டார். சத்தமே இல்லை.”

சத்தமே இல்லாமல் செய்ததுதான் வினை. அலுமினியம் சூட்டில் எஃகைவிட அதிகம் விரியும். ஓடிவந்த வண்டியை நிறுத்திய சில நிமிடங்களில் வால்வின் கூடுதல் சூடு இறங்கிவிடும். ஹெட் விரிந்தே இருக்கும். அந்த நேரத்தில் பார்த்தால் டேப்பட் உண்மையில் இருப்பதைவிடத் தளர்வாகத் தெரியும். அதை நம்பி, சத்தம் அடங்கும்வரை இறுக்கினால் ஆறிய பின் கொஞ்சம்தான் இடைவெளி மிஞ்சும். மிஞ்சியதையும் ஓட ஓட வால்வு சீட்டுக்குள் இறங்கித் தின்றுவிடும். ஓடினால் டேப்பட் லூஸ் ஆகும் என்று மட்டுமே நம்புகிறவர்கள் நிறையப் பேர். சீட் தேய்ந்தால் அது டைட்டும் ஆகும். லேசான டேப்பட் சத்தம் உள்ள வண்டி ஆரோக்கியமான வண்டி என்று நான் வருகிறவர்களிடம் சொல்வதை யாரும் விரும்பிக் கேட்பதில்லை.

0.14 வைத்து, லாக் நட்டை இறுக்கி, இறுக்கிய பின் மறுபடி தகடு விட்டுப் பார்த்தேன். நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே சுற்றி அளவைக் கெடுப்பது வழக்கம். சூடேற்றிக் கம்ப்ரெஷன் எடுத்ததில் 10.6. ஸ்லோவில் மேப் 35. சைலன்சரில் ‘சீ’ சத்தம் ஏறக்குறைய போய்விட்டது, முழுக்கப் போகவில்லை. நான்கு மாதம் நெருப்பில் நின்ற சீட் அல்லவா, முகத்தில் கொஞ்சம் பொரிந்திருக்கும். அதை அவரிடம் மறைக்கவில்லை. கவர் ஓ-ரிங்கோடு சேர்த்து 350 ரூபாய் வாங்கினேன்.

அன்று மாலையே போன் வந்தது. இப்போது ஸ்லோ அதிகமாக இருக்கிறது, பிரேக்கைப் பிடித்தால்தான் நிற்கிறது என்றார். இது எதிர்பார்த்ததுதான், முன்கூட்டியே சொல்லாதது என் தவறு. இத்தனை நாள் மூச்சுத் திணறும் இன்ஜினுக்குக் காற்று ஊட்டப் பழகிய இசியு, அந்தப் பழைய கணக்கிலேயே ஐடில் வால்வைத் திறந்து வைத்திருந்தது. மூன்று நான்கு முறை நன்றாகச் சூடாகி ஆறியதில் தானாகவே 1,700க்கு இறங்கிவிட்டது.

ஜூலைக் கடைசியில், 2,100 கிலோமீட்டர் கழித்து, சொன்னபடி காலை 6 மணிக்கு வந்தார். ஒரு முறைகூட அணையவில்லையாம். இன்லெட் வைத்த இடத்திலேயே 0.14. எக்ஸாஸ்ட் 0.11. வால்வு இன்னும் சீட்டுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. திரும்பவும் 0.14 வைத்துக் கொடுத்து, எண்ணையும் தேதியையும் உட்காரும் சீட்டுக்கு அடியில் மார்க்கரில் எழுதினேன். ஆயுத பூஜைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெட்டைக் கழற்றி, வால்வையும் அதன் சீட்டையும் தேய்த்துப் பொருத்தும் லேப்பிங் செய்வதாக ஏற்பாடு. அதுவரை மாதம் ஒருமுறை, வெயில் ஏறும் முன், வந்து அளந்துகொண்டு போகிறார்.